கேம்பர் வானுக்குப் பற்றரிக் கேபிள்: தெரிவும் பொருத்தலும்

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடு மாதா திருவிழாவுக்கோ போகும் குடும்பம், வானிலேயே படுத்தெழும்பித் தங்குவதற்காக ஒரு பற்றரியையும் இன்வேட்டரையும் பூட்ட நினைத்தால், பற்றரி எத்தனை அம்பியர் மணி, இன்வேட்டர் எத்தனை வாற்று என்பதிலேயே பேச்சு முழுவதும் போய்விடுகிறது. அவ்விரண்டையும் இணைக்கும் கேபிளோ கடைசி நேரத்தில், கடையில் கிடைத்த தடிப்பில், கண்மதிப்பாக வாங்கப்படுகிறது. 12 வோல்ற்று ஆளை அடிக்காது என்பது உண்மை. ஆனால் அது வானை எரித்துவிடும். எனவே கேபிளின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல், நிறுத்தும் அளந்தும் பார்த்து வாங்கிப் பூட்டுவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மின்னோட்டத்தைக் கணக்கிட வேண்டும். வீட்டில் 230 வோல்ற்றில் 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று 9 அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. அதே கேத்தலை 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து இன்வேட்டர் வழியாக இயக்கினால், 2000ஐ 12ஆல் வகுக்க வரும் 167 அம்பியரோடு இன்வேட்டருக்குள் வீணாகும் பத்து வீதமளவையும் சேர்க்க வேண்டும். பற்றரி இறங்கி 11.5 வோல்ற்றுக்கு வரும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 190 அம்பியரைத் தொடும். இன்வேட்டரின் முழுக் கொள்ளளவை, நிரம்பிய பற்றரியின் வோல்ற்றளவால் அல்லாமல் இறங்கிய பற்றரியின் வோல்ற்றளவால் வகுத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

இந்த இடத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: கேத்தல் உண்மையிலேயே வேண்டுமா? தேநீருக்கு ஒரு சிறிய காஸ் அடுப்பு போதுமென்றால், விசிறி, விளக்கு, கைத்தொலைபேசி, சிறு குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு 1000 வாற்று இன்வேட்டர் தாராளம். மின்னோட்டமும் 95 அம்பியரோடு நின்றுவிடும். பெரிய இன்வேட்டர்தான் வேண்டுமென்பவர்கள் 24 வோல்ற்று அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அதில் மின்னோட்டம் பாதியாகிறது, அதே கேபிளில் பிறக்கும் வெப்பமோ காற்பங்காகிறது.

தடிப்பு

ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியின் ஒரு மீற்றர் நீளம், 20 பாகை செல்சியஸில் 0.0172 ஓம் தடையுடையது. செம்பு சூடேறத் தடையும் ஏறும். பங்குனி, சித்திரை வெயிலில் வவுனியாவில் மூடி நிறுத்திய வானுக்குள் ஓடும் கேபிளுக்கு 0.02 என்று வைத்துக்கொண்டால் கணக்கும் இலகு, பிழையும் வராது. போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள் என்பதால் நீளத்தை இரட்டிக்க வேண்டும். பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என்றால் மொத்தம் 3 மீற்றர். 190 அம்பியர் ஓடும்போது 16 சதுர மில்லிமீற்றர்க் கேபிளில் 0.7 வோல்ற்று இழந்து 135 வாற்று வெப்பம் பிறக்கும், 35இல் 0.33 வோல்ற்றும் 62 வாற்றும், 70இல் 0.16 வோல்ற்றும் 31 வாற்றும். இன்வேட்டருக்குப் போகும் வழியில் இழப்பு 2 வீதத்துக்குள், அதாவது கால் வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஆகவே 2000 வாற்றுக்கு 70, 1000 வாற்றுக்கு 35. இன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே வைத்துத் தூரத்தைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகும். 230 வோல்ற்றுப் பக்கத்து வயரை எவ்வளவு நீளமாக இழுத்தாலும் பாதகமில்லை.

வோல்ற்று இழப்பு ஒருபுறமிருக்க, உறை தாங்கும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். கேபிள்களின் அம்பியர் அட்டவணைகள் பெரும்பாலும் 30 பாகைச் சூழலுக்கு எழுதப்பட்டவை. 50 பாகைச் சூழலில், 70 பாகை தாங்கும் பிவிசி உறையுள்ள கேபிளின் கொள்ளளவு 0.71 மடங்காகவும், 90 பாகை தாங்கும் உறையுள்ளதின் கொள்ளளவு 0.82 மடங்காகவும் குறைகிறது. வன்னி வெயிலில் நிற்கும் வானுக்கு 50 பாகை என்பது மிகைப்படுத்தல் அல்ல.

கடையில்

வீட்டு வயறிங்குக்கு விற்கும் தடித்த ஏழிழைக் கேபிள் வாகனத்துக்கு ஆகாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் வான் குலுங்கும்போது அந்தத் தடித்த இழைகள் இணைப்பின் கழுத்தில் களைத்து ஒவ்வொன்றாக முறியும். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளுள்ள, கையால் வளைக்கக்கூடிய கேபிளே வேண்டும். வெல்டிங் கேபிள் இதற்குப் பொருந்தும், வாங்குவதும் கடினமில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் அம்பியர் அளவு, சற்று நேரம் எரித்துச் சற்று நேரம் ஆறவிடும் வெல்டிங் வேலைக்குரியது. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்கு அந்த எண்ணை எடுக்காமல், சதுர மில்லிமீற்றரை மட்டும் பார்த்து மேலே சொன்ன கணக்கைச் செய்யுங்கள். எண்ணெய் தாங்கும் என்று குறிக்கப்படாத இறப்பர் உறை, டீசலும் கிறீசும் படும் இடத்தில் ஊதிக் கெடும்.

அமெரிக்க அளவில் விற்கும் கேபிளென்றால் இன்னொரு குழப்பம் உண்டு. ‘2’ என்பது ஏறத்தாழ 34 சதுர மில்லிமீற்றர். ‘2/0’ என்பது 67. கடைக்காரர் இரண்டையும் ‘இரண்டு’ என்றே சொன்னால், பாதிச் செம்போடு வீடு வந்து சேருவீர்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, செம்பு பூசிய அலுமினியம். கார் ஒலிபெருக்கிக்கென விற்கும், பார்வைக்குப் பருத்து மினுங்கும் மலிவான கேபிள்களில் இது மிகுதி. தடித்த உறைக்குள் குறைந்த உலோகம், அந்த உலோகமும் அலுமினியம். அதே குறுக்குவெட்டில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது கடத்தாது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் சிவப்பின் அடியில் வெள்ளை தெரியும். வெள்ளீய முலாம் பூசிய நல்ல செம்பில் இது தலைகீழ்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கடலோரம் நிற்கும் வானுக்கு அவ்வாறு பூசியதே நல்லது. முல்லைத்தீவு, நாயாறு உப்புக்காற்று வெறும் செம்பை விரைவில் கறுக்க வைக்கும்.

சுரண்டுவதை விட நம்பகமான சோதனை தராசு. பத்துச் சென்ரிமீற்றர் வெட்டி, உறையை உரித்து, உலோகத்தை மட்டும் நிறுக்க வேண்டும். 70 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு 63 கிராம் இருக்க வேண்டும். 50 என்றால் 45. 35 என்றால் 31. 16 என்றால் 14. சில வீதம் குறைந்தால் பரவாயில்லை. 70 என்று விற்றது 45 கிராம் காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது 50தான். 25 கிராமளவில் நின்றால் அது செம்பே இல்லை. சமையலறை இலக்கத் தராசு இதற்குப் போதும். இல்லையென்றால் தெரிந்த நகைக்கடையில் ஒரு நிமிட வேலை. வெட்டித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் விடுவதே மேல்.

பியூஸ்

பியூஸ் காப்பது கேபிளை, இன்வேட்டரை அல்ல. ஆகவே அது பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். படகுகளுக்கான அமெரிக்க நியமம் 7 அங்குலம் என்கிறது. வானிலும் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம். தொடர் மின்னோட்டத்தின் 1.25 மடங்கு, ஆனால் கேபிளின் கொள்ளளவுக்கு மேற்படாதது என்று தெரிவு செய்தால் 190 அம்பியருக்கு 250 வரும். பலர் பார்க்காமல் விடுவது பியூஸ் அறுக்கக்கூடிய உச்ச மின்னோட்டத்தை. லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி குறுக்குச் சுற்றில் ஆயிரக்கணக்கான அம்பியரைக் கொட்டும். அப்போது மலிவான பியூஸ் உருகிய பின்னும் அதற்குள் மின்வில் எரிந்துகொண்டே இருக்கலாம். 20,000 அம்பியர் அறுக்கும் ‘கிளாஸ் ரி’ வகையே அதற்கு உரியது. ஈய அமிலப் பற்றரி ஒன்றுக்கு, தரம் தெரிந்த ‘ஏஎன்எல்’ வகை போதும்.

எஞ்சின் பற்றரியிலிருந்து சார்ஜர் வழியாகப் பின்னால் வரும் கேபிளுக்கு இரண்டு முனைகளிலும் பியூஸ் வேண்டும். இரு புறமும் பற்றரி இருப்பதால், நடுவில் உராய்ந்து சசியை, அதாவது வானின் இரும்புச் சட்டகத்தைத் தொட்டால் இரு பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் பாயும்.

லக்கும் இணைப்பும்

70 சதுர மில்லிமீற்றரில் 3 மீற்றர்க் கேபிள் முழுவதும் பரந்து 31 வாற்று வெப்பம் பிறக்கிறது என்று பார்த்தோம். தளர்ந்த ஓர் இணைப்பில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை மட்டும் இருந்தால், அதே 190 அம்பியரில் 36 வாற்று, ஒரு விரல்நுனி அளவு இடத்தில் பிறக்கும். சூடான சோல்டரிங் அயனைப் பிளாஸ்ரிக்கில் ஊன்றியதற்கு அது சமன். கேபிளுக்குச் செலவழித்த பணம் அனைத்தும் இந்த ஓரிடத்தில் வீணாகலாம்.

கேபிளின் அளவுக்கும் போல்ட்டின் அளவுக்கும் பொருந்தும், முலாம் பூசிய தடித்த செப்பு லக்குகளை, அதாவது கேபிள் நுனியில் நெரித்துப் போல்ட்டில் பூட்டும் துளையுள்ள முனைத்துண்டுகளை வாங்குங்கள். துளை பெரிதென்றால் தொடும் பரப்புக் குறையும். கேபிள் ஓடும் வழியில் முதலில் ஒரு கயிற்றைப் போட்டு நீளத்தை எடுத்து, ஒரு சாண் மிகுதி விட்டு வெட்டுங்கள். லக்கின் குழாய் ஆழத்தை விட ஓரிரு மில்லிமீற்றர் கூடுதலாக உறையை உரியுங்கள். கத்தி இழைகளில் படக்கூடாது. நெரிப்பதற்கு அறுகோண அச்சுள்ள ஹைட்ரோலிக் கருவி வேண்டும். கூரையில் சோலார் பொருத்துபவர்களிடம் இது பெரும்பாலும் இருக்கும்; ஒரு வானுக்காக அதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, கேபிளைக் கொண்டுபோய் நெரித்து வரலாம். முதல் லக்கை நெரித்ததும் அதைக் குறுக்காக அறுத்துப் பாருங்கள்: இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியாமல் ஒரே செப்புத் துண்டுபோல் இருந்தால்தான் அச்சின் அளவு சரி. சுத்தியலால் அடித்து நசுக்கியதை நான் ஏற்பதில்லை.

ஈயம் உருக்கி ஊற்றினால் இன்னும் பலம் என்று கராஜில் சொல்வார்கள். அந்த ஈயம் இழைகளுக்குள் ஊறி, லக்குக்கு வெளியே கேபிளைக் கட்டையாக்கிவிடும். குலுங்கும் வாகனத்தில் அந்தக் கட்டை முடியும் இடத்தில்தான் முறிவு வரும். இணைப்புச் சூடேறினால் ஈயமே இளகும். நெரித்த பின், பசையுள்ள சுருங்குறையைச் சூடுகாட்டி லக்கின் கழுத்தை மூடுங்கள். மாரி மழையின் ஈரமும் வீதிப் புழுதியும் உள்ளே போகாது.

பற்றரி முனையில் லக் நேரடியாக முனையின் முகத்தில் அமர வேண்டும். வாசர், ஸ்பிரிங் வாசர், நட்டு எல்லாம் அதற்கு மேலே. லக்குக்கும் முனைக்கும் இடையில் துருப்பிடிக்கா உருக்கு வாசரைச் செருகுவது அடிக்கடி காணும் தவறு. ஒரே போல்ட்டில் பல லக்குகள் வந்தால், கூடிய மின்னோட்டம் எடுப்பது அடியில். எவ்வளவு இறுக்குவது என்பதைப் பற்றரியோடு வரும் தாளில் பார்த்து, ரோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். லிதியம் பற்றரிகளின் முனைப் புரி மென்மையானது, அளவு மீறினால் புரி உரிந்துவிடும்.

இன்வேட்டரின் எதிர்க் கேபிளும் நேர்க் கேபிளின் தடிப்பிலேயே பற்றரிக்கு நேரே வரவேண்டும். சசியை அதற்குப் பதிலாக்க வேண்டாம். சசியோடு இணைக்கும் தனிக் கேபிளுக்கு, வர்ணத்தைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் பூட்டி, பின்னர் மேலே வஸலின் தடவுங்கள். இரு பற்றரிகளைச் சமாந்தரமாகப் பூட்டினால், நேரை முதலாவதிலிருந்தும் எதிரை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒன்றிலிருந்தே எடுத்தால் அதுவே கூடுதலாக உழைத்து முந்திக் கெடும்.

தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் இறப்பர் வளையம் போட்டு, கேபிளை நெளிகுழாய்க்குள் விட்டு, ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்கு ஒரு கிளிப்பால் பிடியுங்கள். சைலன்சருக்கும் டீசல் குழாய்க்கும் அருகில் போகக்கூடாது. வயற்கரையில் நிறுத்தும் வானுக்கு எலி வரும். நெளிகுழாயின் வாய்களை அடைத்துவிடுங்கள்.

இணைத்தபின்

மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஸ்பானரின் பிடியில் ரேப் சுற்றிக்கொள்ளுங்கள். பியூசை எடுத்துவிட்டு, நேரை முதலிலும் பற்றரியின் எதிர் முனையைக் கடைசியிலும் பூட்ட வேண்டும். கழற்றும்போது எதிர் முனை முதலில். பெரிய இன்வேட்டரை முதன்முறை இணைக்கையில் அதற்குள்ளிருக்கும் கொள்ளளவிகள் ஒரே மூச்சில் நிரம்புவதால் பெரிய பொறி பறந்து முனையைச் சுடும். வானின் 12 வோல்ற்று பல்ப் ஒன்றைப் பியூசின் இடத்தில் சில விநாடிகள் தொடுத்து, அது மங்கிய பின் பியூசைப் பூட்டினால் அந்தப் பொறி வராது.

பின்னர் 1000 வாற்றளவில் ஏதாவதொன்றை ஓடவிட்டு, மல்ரிமீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து ஒவ்வொரு பகுதியாக அளவுங்கள். ஒன்றரை மீற்றர் 70 கேபிளின் ஒரு லக்கிலிருந்து மறு லக்குக்கு ஏறத்தாழ 40 மில்லிவோல்ற்று வரும். பற்றரி முனைக்கும் அதன் மேலுள்ள லக்குக்கும் இடையில் ஓரிரு மில்லிவோல்ற்றே இருக்க வேண்டும். 10ஐத் தாண்டினால் அந்த இணைப்புச் சரியில்லை. கால் மணி நேரத்தின் பின் இன்வேட்டரை நிறுத்தி, லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். கேபிளை விட லக் சூடாக இருந்தால் குறை நெரிப்பிலோ இறுக்கத்திலோதான். அளவுகளை ஒரு தாளில் எழுதிப் பற்றரிப் பெட்டியின் மூடியில் ஒட்டி, முதலாவது கிரவல் பயணத்தின் பின் மீண்டும் அளவுங்கள். எந்த இணைப்பில் எண் ஏறியிருக்கிறதோ அதை வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாமல், கழற்றி முகத்தைத் துடையுங்கள். லக் கறுத்திருந்தால் அதை வெட்டியெறிந்து புதியதை நெரியுங்கள். வெட்டும்போது விட்ட ஒரு சாண் மிகுதி அதற்காகத்தான்.