ஈர்ப்பு வரைபடத்தில் நீலமாகத் தெரிவதெல்லாம் பள்ளம் அல்ல

வங்காள விரிகுடாவில் புவியீர்ப்பு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று காட்டும் ஈர்ப்பு வரைபடத்தைப் புதிதாகத் திறப்பவர்களின் கண், வடக்கு தெற்காக ஓடும் இரண்டு பட்டைகளில் போய் நிற்கும். 90 டிகிரி கிழக்கில் ஒரு சிவப்புப் பட்டை, அங்கே ஈர்ப்பு கூடுதல். 85 டிகிரி கிழக்கில் ஒரு நீலப் பட்டை, அங்கே குறைவு. சிவப்பு மலை, நீலம் பள்ளம் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். நில அதிர்வு அலைகளை அனுப்பிப் பார்த்தால் இரண்டுமே புதைந்து கிடக்கும் மலைத்தொடர்கள்.

85 டிகிரித் தொடர் எப்படி நீலமானது? அதன் பாரம் கீழிருந்த பூமியின் மேலோட்டை அமுக்கி வளைத்தது. அதனால், ஓட்டுக்கு அடியிலுள்ள அடுக்கான கவசத்தின் கனமான பாறை இருக்கவேண்டிய ஆழத்தில் லேசான ஓட்டுப் பாறை இறங்கி உட்கார்ந்தது. பிற்பாடு கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் உச்சியை மூடியது. கிலோமீட்டர் கணக்கில் புதைந்து இறுகிய வண்டலுக்கும் எரிமலைப் பாறைக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே உள்ள மலையின் கூடுதல் இழுவை அடங்கிப்போக, அடியில் உள்ள குறைவு மட்டும் வெளியே தெரிகிறது. இதில் விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இதுதான். தெற்கே, ஏறக்குறைய 5 டிகிரி வடக்கு அட்சரேகையைத் தாண்டியதும், அதே தொடர் நேர்மறையாக, அதாவது சிவப்பாக, மாறிவிடுகிறது.

இதனால்தான் ஈர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டின் தடிமனைச் சொல்வது ஆபத்து. ஒரே வளைகோட்டுக்கு ஆழத்தையும் அடர்த்தியையும் மாற்றி மாற்றி எத்தனை மாதிரி வேண்டுமானாலும் பொருத்தலாம். வரைந்த கோடும் அளந்த கோடும் அழகாக ஒட்டிப்போவது எதையும் நிரூபிக்காது. வண்டலின் தடிமன் வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பூகே திருத்தம், அதாவது பாறையைவிட லேசான கடல்நீரால் வரும் ஈர்ப்புக் குறைவைச் சரிக்கட்டுவது. கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.03 கிராம், அந்த இடத்தில் 2.67 அடர்த்தியுள்ள பாறையை நிரப்புவதாகக் கணக்கிடுவார்கள். 1000 மீட்டர் நீருக்குச் சுமார் 69 மில்லிகேல் (ஈர்ப்பு வித்தியாசத்தை அளக்கும் சிறிய அலகு) வரும். தரைக்கடியில் நேராகப் பாறை இருந்தால் சரி. வங்காள விரிகுடாவில் இருப்பது வண்டல், அதன் பங்கையும் தனியாகக் கழிக்காமல் விட்டால் வண்டலின் லேசான எடை ஓட்டின் தடிமனாக வேஷம் போடும்.

அந்தத் திருத்தத்துக்குக் கடலாழம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஜெப்கோ என்ற உலகக் கடலாழத் தரவிலிருந்து. உலகக் கடல்தரையில் கால்பங்கைச் சற்றே தாண்டியதுதான் கப்பல் ஒலிக்கருவியால் அளக்கப்பட்டது. மீதியில் பெரும்பகுதி செயற்கைக்கோள் ஈர்ப்பைக் கொண்டு ஊகித்த ஆழம். ஈர்ப்பிலிருந்து வந்த ஆழத்தை வைத்தே ஈர்ப்பைத் திருத்தினால் கிடைப்பது சுற்றிவந்த பழைய தகவல்! எந்தக் கட்டம் அளந்தது, எந்தக் கட்டம் ஊகித்தது என்பதைச் சொல்லும் தனிக் கோப்பு ஜெப்கோவுடனேயே வருகிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

நுணுக்கத்தையும் மிகையாக நம்பக் கூடாது. அல்டிமீட்டர் செயற்கைக்கோள் நேரடியாக ஈர்ப்பை அளப்பதில்லை; கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கிறது, அந்த மட்டத்தின் சரிவிலிருந்து ஈர்ப்பைக் கணக்கிடுகிறார்கள். கருவி எவ்வளவு நல்லதானாலும் ஆழம் விடாது. 4 கிலோமீட்டர் நீருக்கடியில் 10 கிலோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு மேடுபள்ளத்தின் ஈர்ப்பு, கடல்மட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய 8 சதவீதமாகச் சுருங்கிவிடும். அப்புறம் வரைபடத்தில் 3 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பிளவைக் குறிப்பதில் என்ன அர்த்தம்?

கப்பல் தரவில் வேறு தொல்லை. கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் ஈர்ப்பு குறைந்து தெரியும். பூமத்திய ரேகையருகே ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு 7.5 மில்லிகேல் திருத்தம் தேவை. ஜிபிஎஸ்ஸுக்கு முந்தைய பதிவுகளில் வேகம் அரை நாட் பிசகினால் 4 மில்லிகேல் வரை போய்விடும். பாதைகள் குறுக்கிடும் இடங்களில் இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டத்திட்டின் விளிம்பில் ஈர்ப்பு ஏறி, சரிவின் அடியில் இறங்கும். இந்தியாவின் கிழக்குக் கரையோரத்திலும் இது தெரியும். நீரின் ஆழமும் ஓட்டின் தடிமனும் சட்டென்று மாறுவதால் வரும் விளைவு இது. இதைப் பார்த்தே பிளவு என்று எழுதக் கூடாது. இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு மட்டம், அதாவது ஈர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டம், 106 மீட்டர் தாழ்ந்திருப்பதையும் ஓட்டோடு இணைக்க வேண்டாம். அதன் காரணம் கவசத்தின் ஆழத்தில்.

இனி பிளவுகள். ஈர்ப்பு காட்டுவது அடர்த்தி வித்தியாசத்தை மட்டுமே. இருபுறமும் ஒரே பாறை பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் அந்தப் பிளவு ஏறக்குறைய கண்ணுக்குப் படாது. பழைய முறிவு மண்டலங்கள், அதாவது கடலோட்டில் நீளமாக ஓடும் பழைய வெட்டுகள், தெளிவாகத் தெரிவது, இருபக்க ஓட்டின் வயதும் ஆழமும் வேறாக இருப்பதால். ஆனால் தெளிவாகத் தெரியும் கோடு இன்று உயிரோடு இருக்கிறதா என்பதை ஈர்ப்பு சொல்லாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, வார்ட்டன் படுகையில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. வடக்கு தெற்கான பழைய முறிவு மண்டலங்கள் மட்டுமல்ல, அவற்றுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக ஓடிய பிளவுகளும் அன்று உடைந்தன. ஈர்ப்புக் கோட்டை வரைந்தபின், கடல்தரைப் பாறையில் பதிந்திருக்கும் காந்தப் பட்டைகள் எங்கே இடம் மாறி நிற்கின்றன என்று பாருங்கள். நிலநடுக்க மையங்கள் அந்தக் கோட்டின் மேல் விழுகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதைப் புள்ளிக்கோடாகவே விட்டுவையுங்கள்.