மாரியில் ஜியு ஜிட்சு விட்டுப்போகாமல் இருக்க: என் அனுபவம்

கல்லடியில் நாங்கள் கொஞ்சப்பேர் மெத்தை விரித்து, கட்டிப் பிடித்து மல்லுக்கட்டும் தற்காப்புக் கலையான ஜியு ஜிட்சு பழகுகிறோம். ஐப்பசி மழை தொடங்கினால் எனக்குப் பஞ்சி பிடித்துவிடும். பை அடுக்கியிருக்கும், பின்னேரம் போக மனம் வராது.

முதலில் மனத்தைத்தான் சந்தேகித்தேன். போட்டி வீடியோக்கள் பார்த்தால் கொஞ்ச நேரம் சூடு இருக்கும், பிறகு அடங்கிவிடும். அடுத்த பெல்ட்டை இலக்காக வைத்தும் பார்த்தேன். சர்வதேசச் சம்மேளன விதிப்படி நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகக் குறைந்தது 2 வருடம். அவ்வளவு தூரத்தில் இருப்பது இன்றைய மழையில் ஆளை வீட்டுக்கு வெளியே இழுக்காது.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது: ஜி என்ற தடித்த பருத்திச் சீருடையைப் போடாமல், ரேஷ் கார்ட் என்ற உடம்போடு ஒட்டும் மெல்லிய சட்டையோடு பழகும் நாட்களில் பஞ்சியே இல்லை! ஜியை எடுத்துப் பார்த்தேன். முதுகும் கையும் காய்ந்திருந்தன. கொலரை மடித்து அழுத்தினால் உள்ளே ஈரம், புளித்த மணம். கொலர் தடித்த துணி. நம் மாரிக் காற்றில் லேசில் காயாது. அதைக் கழுத்தில் போடத்தான் உடம்பு மறுத்திருக்கிறது.

இப்போது பழகி வந்த கையோடு ஜியை வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவிட்டுத் தோய்க்கிறேன். குளோரின் வேண்டாம், பருத்தி நைந்துவிடும். கொடியில் மடித்துப் போடாமல், இரண்டு கைகளுக்குள்ளும் தும்புத்தடியைச் செருகி, கொலர் விரிந்து நிற்க, ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுகிறேன். அடைமழைக் கிழமையில் ஜி இல்லாத வகுப்புக்கு மட்டும் போகிறேன். அதோடு பஞ்சி விட்டது, பெரிய நிம்மதி.

காய்ந்ததா என்று பார்க்கக் கொலரின் பிடரிப் பக்கத்தைத் தொடுங்கள். கடைசியாகக் காய்வது அதுதான்.