நாலாவது போல்ட் ஏன் இறங்குவதில்லை?

மேட்டூர் திறக்கும் முன்பே ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க்கிணறு) இன்ஜினை உட்கார வைக்க வேண்டும் என்ற அவசரத்தில், டெல்டா வீடுகளில் 10 மி.மீ. இரும்புத் தட்டில் நாலு ஓட்டை போடுவார்கள். மூன்று போல்ட் இறங்கும், நாலாவது இறங்காது. உடனே உருட்டு அரம் வந்துவிடும். ஓட்டையை நீள்வட்டமாக அராவி போல்டை முடுக்கினால், பெல்ட் இழுப்பில் தட்டு நகரும். பெல்ட் ஓரமாகத் தேயும். அந்த அரத்தைக் கண்டாலே எரிச்சல்தான். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

பஞ்ச் அடித்ததும் 13 மி.மீ. பிட்

கோளாறு இங்கேதான். பஞ்ச் என்பது ஓட்டையின் நடுவைக் குழியிட்டுக் குறிக்கும் கூர்முனைக் கம்பி. பிட்டின் (டிரில்லில் மாட்டும் துளைக்கம்பியின்) நுனி ஊசி அல்ல. 13 மி.மீ. பிட்டின் நடுவில் ஏறக்குறைய 2 மி.மீ. நீளத்துக்குக் குறுக்கு விளிம்பு இருக்கும். அது வெட்டாது, இரும்பை நசுக்கித் தள்ளும். பஞ்ச் குழி அதைவிடச் சிறிதென்றால் பிட் இஷ்டத்துக்கு நடக்கும்.

குறுக்குக் கோடு கீறி, 60 டிகிரி பஞ்சால் மெல்லத் தட்டுங்கள். லென்ஸில் பார்த்து, விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்துத் திருத்துங்கள். அப்புறம் 90 டிகிரி பஞ்சால் ஓங்கி ஒரே அடி. டிவைடரை (இரு கூர்முனைக் கவராயத்தை) 6.5 மி.மீ. வைத்து ஓட்டையின் வட்டத்தைக் கீறிக்கொள்ளுங்கள். 3 மி.மீ. பிட்டை 2 மி.மீ. ஆழம் மட்டும் விட்டு, பெரிய பிட்டை மாட்டுங்கள்.

குழி வட்டத்தில் பாதி அளவு வந்ததும் நிறுத்திப் பாருங்கள். குழிக்கும் வட்டக்கோட்டுக்கும் இடைவெளி எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கச் சரிவில் சின்ன உளியால் ஒரு வாய்க்கால் வெட்டினால் பிட் அங்கே இழுபடும். பிட்டின் முழு அகலமும் இறங்கிவிட்டால் பிரம்மாவாலும் திருத்த முடியாது.

கை டிரில்லின் முழு வேகம்

கை டிரில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடும். 13 மி.மீ. பிட்டுக்குச் சாதா இரும்பில் 600 போதும். ஸ்டெயின்லெஸ் என்றால் 250. ஸ்டெயின்லெஸில் அழுத்தாமல் உரசினால் பரப்பு இறுகிவிடும், பிறகு பிட் வழுக்கும். பிட்டின் வெட்டு மூலை சூடேறி நீலமானால் பிட் கெட்டுவிடலாம்.

கண்மட்டத்தில் செங்குத்து

டிரில் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு மூலைமட்டம் போதாது. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

பித்தளையில் இரும்புப் பிட்

நாச்சியார்கோயில் விளக்குப் பாகம் போன்ற பித்தளையைப் பிட் கவ்வி இழுக்கும். பிட்டின் வெட்டு விளிம்பின் முன்முகத்தை எண்ணெய்க்கல்லில் துளி சப்பையாக்குங்கள்.

கையில் பிடித்த தட்டு

பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தட்டு சுழலும். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) மாட்டுங்கள்.

கையால் சாணை

சாணை பிடித்தபின் இரு வெட்டு விளிம்பும் சமநீளம் இல்லையென்றால் 13 மி.மீ. பிட் 13.5 ஓட்டை போடும்.