சார்லட்டவுனுக்குக் குடி வருமுன் எண்ணெய் டாங்க்கைப் பாருங்கள்

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் வாடகை கொடுத்து மாளாமல், கனடாவின் கிழக்கே சார்லட்டவுனைத் தலைநகராகக் கொண்ட பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு வந்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தாராளமாக வரலாம். ஆனால் யாரோ ஜூலையில் கடற்கரையில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு நவம்பரில் பெட்டி கட்டாதீர்கள்.

பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்கும் என்பதற்காக மட்டும் வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று. இங்கே கடையில் கல்லாவில் நின்றாலே பி.ஆருக்கு மாகாணம் தரும் பரிந்துரையான நாமினேஷன் வந்துவிடும் என்பதெல்லாம் பழைய கதை. 2024 தொடக்கத்தில் விற்பனை, ஹோட்டல் மாதிரியான வேலைகளுக்கான இடங்களை மாகாணம் வெட்டியது. அதை நம்பியிருந்தவர்கள் அந்த மே மாதம் சார்லட்டவுனில் உண்ணாவிரதமே இருந்தார்கள். உங்கள் வேலைக்கு இன்றைய நிலவரம் என்ன என்பதை ஏஜென்ட் வாயிலிருந்து கேட்காதீர்கள், மாகாண அரசின் தளத்தில் நீங்களே படியுங்கள்.

மற்ற சம்பிரதாயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவிலிருந்து வந்தால் இங்கத்திய ஹெல்த் கார்டு மூன்றாவது மாதத்தின் முதல் தேதியிலிருந்துதான் செல்லும். அதுவரை ஒன்டாரியோவின் ஹெல்த் கார்டான ஓஹிப் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். குடும்ப டாக்டருக்கான காத்திருப்புப் பட்டியலில் உடனே பெயர் கொடுங்கள், வருடக்கணக்கில் இழுக்கும். கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ரயில் 1989-லேயே நின்றுபோய், தண்டவாளம் கிடந்த இடத்தில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். கடையில் வரி 15 சதவீதம். வாடகைக் கட்டுப்பாடு இங்கே குடியிருப்பவரோடு போவதில்லை, வீட்டோடு நிற்கிறது. அதனால் முன்பு இருந்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாடகை விளம்பரத்தில் 'ஹீட் தனி', அதாவது வீட்டைச் சூடாக்கும் செலவு உங்கள் தலையில் என்று போட்டிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

டொராண்டோவில் ஹீட் பெரும்பாலும் வாடகைக்குள் அடங்கிவிடும், இல்லையென்றால் குழாயில் கேஸ் வந்துவிடும். இந்தத் தீவில் கேஸ் குழாயே கிடையாது. பழைய வீடுகள் பலவற்றில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இன்னும் எண்ணெயில்தான் ஓடுகிறது. லாரி வந்து உங்கள் டாங்க்கில் ஊற்றிவிட்டுப் போகும். சார்லட்டவுனை அடுத்த கார்ன்வால் பக்கம் தனி வீடு எடுத்த என் நண்பர், ஊரில் சிலிண்டர் தீர்ந்தால் புக் பண்ணுவது போல என்று நினைத்துவிட்டார். மதுரைக்காரர், கணக்கில் புலி. வீட்டுக்காரரும் "கொஞ்சம்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, பனி விழுமுன்னே ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்.

டாங்க்கின் தலையில் சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், அதற்குள் ஒரு மிதவை. அது கால்வாசியில் நின்றது. வாரக்கணக்கில் அதே கால்வாசியில் நின்றபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் தட்டிப் பார்த்தால்தானே சிக்கிக்கொண்டது தெரியும்! எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய்க்குச் சொன்னார். புது வாடிக்கையாளர் என்று முன்பணம் கேட்டார்கள், கட்டினார். லாரியும் வந்தது. டிரைவர் டாங்க்கின் டேக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஒரு சொட்டு ஊற்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

அந்த டேக்தான் பொறி. இந்த மாகாணத்தில் வீட்டு எண்ணெய் டாங்க் ஒவ்வொன்றுக்கும் டேக் வேண்டும், அதில் காலாவதித் தேதி இருக்கும். தேதி கடந்த டாங்க்கில் கம்பெனி எண்ணெய் ஊற்றக் கூடாது. பழைய டாங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் சட்டம் சரிதான். டாங்க்கை மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். அவரோ போனை எடுக்கவில்லை.

அன்றிரவே ஃபர்னஸ் நின்றது. ஜனவரி. இரண்டு குழந்தைகளையும் ஒரே கட்டிலில் போட்டு மின்சார ஹீட்டர் வைத்தார்கள். குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க விடிய விடியக் குழாயைச் சொட்டவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். டாங்க் சுத்தமாகக் காய்ந்தால் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது, எண்ணெய்க் குழாயில் காற்று ஏறிவிடும். ஆள் வந்து காற்றை எடுத்துவிட்டுத்தான் ஓட்ட முடியும், அதுவும் சனிக்கிழமை என்றால் கூலியைக் கேட்கவே வேண்டாம். இடையில் ஃபர்னஸின் சிவப்பு பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒரு முறைக்கு மேல் அழுத்தினால் உள்ளே எண்ணெய் தேங்கி ஆபத்து. வீட்டுக்காரர் கடைசியில் டாங்க்கை மாற்றிக் கொடுத்தார், அதுவரை ஹோட்டலில் தங்கிய செலவைப் பற்றி மட்டும் இன்றுவரை பேச்சில்லை. "நீங்கள் முன்னாலேயே கேட்டிருக்கலாமே" என்றாராம். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். டேக்கைத் தேதி தெரிய போட்டோ எடுங்கள், மிதவையையும் எடுங்கள். காலி செய்யும்போது 'டாங்க் நிரம்பியிருந்தது' என்று யாராவது ஆரம்பித்தால் அதுதான் பேசும். போன குளிர்காலத்தின் எண்ணெய் ரசீதுகளைக் கேளுங்கள், லிட்டர் கணக்கைப் பார்த்தால் வாடகை உண்மையில் மலிவா என்று தெரிந்துவிடும். கம்பெனியில் கணக்கை அக்டோபரிலேயே தொடங்கி, அவர்களே பார்த்து நிரப்பும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். கரன்ட்டில் ஓடும் ஹீட் பம்ப் உள்ள வீடு கிடைத்தால் பாதித் தலைவலி போயிற்று. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தவர்கள் உண்டு, அதனால் அதையும் முழுசாக நம்ப முடியாது.

இவ்வளவு சொல்கிறவன் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன் என்று என் தங்கை கேட்கிறாள். ஆபீஸிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போய்த் திரும்ப முடிகிறது. மேயில் லாப்ஸ்டர் சீசன் தொடங்கினால் துறைமுகத்திலேயே போய் வாங்கலாம், மிளகு போட்டு வறுத்தால் தூத்துக்குடிக்காரனே வாயை மூடிக்கொள்வான். பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட்டுவிட்டு உள்ளே சமைக்கலாம். ஆனால் சம்பளம் குறைவு, டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு, தமிழில் சண்டை போடக்கூட ஆள் தேட வேண்டும். தீவை நிலப்பரப்போடு இணைக்கும் 12.9 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து உள்ளே வரக் காசில்லை. வெளியே போகும்போதுதான் வாங்குவார்கள், 2025 ஆகஸ்டிலிருந்து காருக்கு 20 டாலர். அதற்கு முன்பு 50-க்கு மேல்.

இன்னொன்று, விட்டுப்போய்விடும். செப்டம்பரில் சல்லிசாகக் கிடைக்கிற வீடுகள் சில, மே மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். கோடையில் அதையே டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். ஒப்பந்தத்தில் முடியும் தேதியைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.