ஸ்மார்ட் ட்ரெய்னர் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்திவைத்து ஓட்ட, மிதிக்கும் சக்தியை அளந்து செயலிக்கு அனுப்பி, அது சொல்லும்படி பெடலைக் கனக்கவைக்கும் கருவிதான் ஸ்மார்ட் ட்ரெய்னர். அந்தச் சக்தியைக் காட்டும் வாட் திடீரென்று பூஜ்யமானதும் பலர் செய்வது, செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. அதில் சரியாவது அபூர்வம். ஸ்விஃப்ட், ரூவி, மைவூஷ் என்று எந்த மெய்நிகர் சைக்கிள் செயலியில் ஓட்டினாலும் சங்கிலியில் மூன்று கண்ணிகள்தான்: ட்ரெய்னரிலிருந்து கணினிக்கோ மொபைலுக்கோ வரும் ரேடியோ சிக்னல், அங்கே ஓடும் செயலி, செயலியிலிருந்து சர்வருக்குப் போகும் இணையம். அறுந்த கண்ணி எது என்று தெரியாமல் கை வைத்தால் நல்லதும் கெட்டுப்போகும்.

எது அறுந்தது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே வாட் பூஜ்யமாகி உங்கள் அவதார் நிற்கிறது, மற்றவர்கள் பாட்டுக்குக் கடந்துபோகிறார்கள் என்றால், கோளாறு ட்ரெய்னருக்கும் கணினிக்கும் நடுவில். வாட் ஒழுங்காக வருகிறது, ஆனால் சாலையில் உங்களைத் தவிர ஒருவரும் இல்லை என்றால் இணையம். ட்ரெய்னரைத் தொடவே வேண்டாம். எல்லாம் இருக்கிறது, படம் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது என்றால் கணினி திணறுகிறது. கிராஃபிக்ஸ் தரத்தைக் குறையுங்கள், பின்னணியில் ஓடுவதை மூடுங்கள்.

ட்ரெய்னர் பட்டியலிலேயே வரவில்லை

பிளக்கைப் பாருங்கள், பெடலை நாலு சுற்று சுற்றி ட்ரெய்னரை எழுப்புங்கள். அதற்கும் வரவில்லையா? வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கும். பல ட்ரெய்னர்கள் ப்ளூடூத்தில் ஒரே நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காகத் திறந்த தயாரிப்பாளரின் ஆப் மொபைலில் இன்னும் உயிரோடு இருக்கலாம், பக்கத்து அறையில் இருக்கும் டேப்லெட் தானாகவே இணைந்திருக்கலாம். சந்தேகப்படும் கருவியின் ப்ளூடூத்தையே அணைத்துப் பாருங்கள். இந்தப் புகார்களில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸின் அல்லது மொபைலின் ப்ளூடூத் செட்டிங்ஸில் போய் ட்ரெய்னரைச் சேர்க்கக் கூடாது. ஹெட்போனுக்குத்தான் அந்த வழி. ஏற்கெனவே சேர்த்திருந்தால் அங்கிருந்து நீக்கிவிட்டு, செயலிக்குள்ளிருந்து மட்டும் இணையுங்கள். ஆண்ட்ராய்டு 11 வரை, இருப்பிட அனுமதி இல்லாமல் ப்ளூடூத் சென்சார்களைத் தேட முடியாது. 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி வேண்டும். ஐபோன், ஐபேடில் பிரைவசி பகுதியில் அந்தச் செயலிக்கு ப்ளூடூத் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் வருகிறது, ஆனால் மேடு தெரியவில்லை

இணைக்கும் திரையில் பவர், கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை பெடல் சுற்று), ரெசிஸ்டன்ஸ் (பெடலின் கனம்), இதயத்துடிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பவரில் ட்ரெய்னர் இருந்து, ரெசிஸ்டன்ஸ் கட்டம் காலியாக இருந்தால் வாட் வரும். ஏற்றத்தில் பெடல் கனக்காது. இரண்டிலும் ஒரே ட்ரெய்னரை, ஒரே வழியில் இணையுங்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை தெரிவது, அது ப்ளூடூத்திலும், சென்சார்களுக்கான இன்னொரு கம்பியில்லா முறையான ஆன்ட் ப்ளஸிலும் ஒளிபரப்புவதால்தான். ஆன்ட் ப்ளஸில் எஃப்இ-சி என்று குறித்திருப்பதுதான் ட்ரெய்னரைக் கட்டுப்படுத்தக்கூடிய சேனல்.

பவருக்குப் பதில் வேக சென்சாராக இணைத்துவிடுவது இன்னொரு தவறு. அப்போது செயலி வாட்டை அளக்காது, சக்கர வேகத்திலிருந்து ஊகிக்கும். வாட் சரியாக இருந்தும் மேட்டில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போனால், ப்ரொஃபைலில் எடையைப் பாருங்கள். பவுண்டுக்கும் கிலோவுக்கும் இடையில் குளறுபடி நடந்திருக்கலாம்.

அடிக்கடி அறுபடும் இணைப்பு

ஆன்ட் ப்ளஸ் 2457 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 11-ஆம் சேனலின் மையம் 2462. ஏறக்குறைய பத்து மெகாஹெர்ட்ஸ் இரண்டு பக்கமும் பரவும். அதாவது ரவுட்டர் 11-இல் இருந்தால் ட்ரெய்னரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை 1-க்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, விளையாட்டு ஓடும் கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கோ கேபிளுக்கோ கொண்டுபோவது. ப்ளூடூத் அலைவரிசை மாறி மாறித் தாவுவதால் இந்தத் தொல்லை அதற்குக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆன்ட் ப்ளஸ் சிக்னலைப் பிடிக்கக் கணினியில் செருகும் குட்டி யுஎஸ்பி கருவி, அதாவது டாங்கிள், எந்தத் துளையில் செருகியிருக்கிறது? நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். இரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை ட்ரெய்னரிலிருந்து அரை மீட்டருக்குள் தரையில் வையுங்கள். இத்தனை மலிவில் இத்தனை பலன் தரும் பொருள் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். ட்ரெய்னர் பின்சக்கரத்தில், லேப்டாப் ஹேண்டில்பாருக்கு முன்னால் என்றால், நடுவில் நிற்பது உங்கள் கால்கள். நின்று மிதிக்கும்போது மட்டும் சிக்னல் போகிறதென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கருவியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் இருபது முப்பது நிமிடம் கழித்து மட்டும் அறுபட்டால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. இதயத்துடிப்பு மட்டும் தாவுகிறதென்றால் ட்ரெய்னருக்குச் சம்பந்தமில்லை: பட்டையின் எலக்ட்ரோடுகளை நனைத்துக் கட்டுங்கள், பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் அது சிஆர்2032.

எர்க் மோடில் பெடல் இறுகிப்போவது

எர்க் மோடில் வாட்டை ட்ரெய்னரே பிடித்துவைக்கும். வாட் என்பது முறுக்குவிசையும் கேடன்ஸும் பெருகி வருவது. இலக்கு 200 வாட் என்றால், நிமிடத்துக்கு 90 சுற்றில் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டில்) 21 நியூட்டன் மீட்டர் போதும், 60-க்கு இறங்கினால் 32, 45-இல் 42. கால் சோர்ந்து கேடன்ஸ் குறையக் குறைய ட்ரெய்னர் இறுக்கும், இறுக்க இறுக்கக் கேடன்ஸ் இன்னும் குறையும். கடைசியில் சேற்றில் சிக்கிய வண்டிதான். அங்கே முக்கி மிதிப்பது முழங்காலுக்குத்தான் கேடு. மிதிப்பதை நிறுத்துங்கள், ஐந்து விநாடி விடுங்கள். தேவைப்பட்டால் எர்க்கை அணைத்து, 90-க்கு மேல் சுழற்றிய பிறகு மறுபடி போடுங்கள். பயிற்சியின் கடினமான பகுதி தொடங்க மூன்று நான்கு விநாடி இருக்கும்போதே கேடன்ஸை ஏற்றிவிட்டால் இது வரவே வராது.

கியரை நடுவில் மாற்றாதீர்கள், வாட் அலைபாயும். முன்னால் சிறிய செயின்ரிங், பின்னால் செயின் நேராக ஓடும் நடுப்பல் போதும். பெரிய ரிங்கில் ட்ரெய்னருக்குள் இருக்கும் கனமான சக்கரம் (ஃப்ளைவீல்) வேகமாகச் சுழல்வதால், சில ட்ரெய்னர்களால் 100 வாட் போன்ற மெதுவான இலக்குக்கு இறங்கவே முடியாது. டயரை உருளையில் அழுத்தும் வகையில் இதற்கு நேர்மாறு: மிகச் சிறிய கியரில் அதிக வாட்டைத் தாங்காமல் டயர் வழுக்கும்.

கிராங்கிலேயே வாட்டை அளக்கும் பவர்மீட்டரையும் இணைத்திருந்தால் ட்ரெய்னர் 200 பிடித்திருக்கும், திரை 206 காட்டும். செயினில் வீணாகும் சக்தி மீட்டருக்குப் பிறகு, ட்ரெய்னருக்கு முன்பு இருப்பதால் சில வாட் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. இருபது முப்பது வாட் வேறுபட்டால்தான் காலிப்ரேஷனை (அளவைச் சரிபார்த்துத் திருத்துவதை) தேட வேண்டும்.

காலிப்ரேஷன்

ஸ்பின்டவுன் என்பது, வேகமாகச் சுழற்றிவிட்டுத் தானாக வேகம் குறைவதை ட்ரெய்னர் அளக்கவிடுவது. அதைச் செய்வதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த பேரிங்கும் பெல்ட்டும் அதிகம் இழுக்கும்; அந்த எண்ணைச் சேமித்தால் அன்று முழுக்க வாட் பொய். ஆப் கேட்கும் வேகத்தை எட்டியதும் கால்களை நிறுத்துங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். டயர் வகையில் ஒவ்வொரு முறையும் அதே காற்றழுத்தம், உருளையில் அதே இறுக்கம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிட முடியாது. டாக்ஸ் நியோ வகை ட்ரெய்னர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை.

பயணம் பாதியில் போய்விட்டால்

ஸ்விஃப்ட் சட்டென்று மூடிக்கொண்டால் மறுபடி திறக்கும் முன், கணினியின் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் ஸ்விஃப்ட், அதற்குள் ஆக்டிவிட்டீஸ் என்று போய், கடைசியாகச் சேமிக்கப்பட்ட ஃபிட் கோப்பை (பயணத்தின் பதிவை) வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்ட்ராவாவிலோ கார்மின் கனெக்ட்டிலோ நேரடியாக ஏற்றலாம். பக்கத்திலேயே லாக்ஸ் கோப்புறை இருக்கிறது. அன்றைய லாக் கோப்பில் ‘ஆர்எக்ஸ் ஃபெயில்’ என்ற வரி அடுக்கடுக்காக வந்திருந்தால், ஆன்ட் ப்ளஸ் சிக்னல் தவறியிருக்கிறது. முதலில் டாங்கிளை நகர்த்துங்கள்.