கம்ப்ரஸரில் சர்ஜ்: தாமதம்தான் எதிரி

முதலில் 'ஹூ...ப்' என்று ஒரு சத்தம். ஒன்றிரண்டு நொடியில் மறுபடியும் அதே சத்தம். வாயு வெளியேறும் டிஸ்சார்ஜ் பக்கத்துப் பிரஷர் கேஜில் முள் துடிக்கும், மோட்டார் ஆம்பியர் ஏறி இறங்கும், வாயு திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு 'டொம்' என்று அடித்து மூடும். இதுதான் கம்ப்ரஸரில் சர்ஜ். இதை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கேட்காதவர்கள் வெறும் வைப்ரேஷன் என்று நினைத்து ஃபவுண்டேஷன் போல்ட்டைத் தேடிப் போவார்கள். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மீன் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியைப் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இருக்கிற வரை வண்டி மேலே போகும். தள்ளுவது ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால் வண்டி நம் மேலேயே திரும்பி வரும். கம்ப்ரஸரிலும் இதுதான் நடக்கிறது. உள்ளே போகும் காற்றோ வாயுவோ குறைந்த பிறகு, டிஸ்சார்ஜ் பக்கம் ஏற்றி வைத்த அழுத்தத்தை, சுழன்று வாயுவைத் தள்ளும் இம்பெல்லரால் தாங்க முடியாது. வாயு பின்னோக்கிப் பாயும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி முன்னே ஓடும், மறுபடி திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடிபடும். ரோட்டர் நீளவாக்கில் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும், வாயுக் கசிவைத் தடுக்கும் லேபிரிந்த் சீலும் அடி வாங்குவது அதனால்தான்.

எல்லா கம்ப்ரஸருக்கும் இது வராது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஐஸ் கம்பெனிகளில் ஓடும் பிஸ்டன் வைத்த அம்மோனியா கம்ப்ரஸருக்குச் சர்ஜ் கிடையாது. அதில் திரவம் உள்ளே போய்விடாமல் பார்க்க வேண்டும், அது வேறு கதை. இம்பெல்லரோ பிளேடோ சுழன்று அழுத்தம் ஏற்றும் சென்ட்ரிஃபியூகல், ஆக்சியல் வகைகளுக்குத்தான் சர்ஜ் வரும். நம் ராமநாதபுரம் மாவட்டம் வழுதூரில் 187.2 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் இருக்கிறதே, அது மாதிரி இடங்களில் டர்பைனுக்கு முன்னால் இருப்பது ஆக்சியல் கம்ப்ரஸர். கடல் உப்பு பிளேடில் படிந்தால் சர்ஜ் எல்லை நெருங்கி வரும். ஃபில்டரையும் கம்ப்ரஸர் கழுவுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடற்கரையில் ஒரு ஆலையில் வாயு கம்ப்ரஸருக்கு இன்ஸ்ட்ருமெண்ட் வேலை பார்த்தேன். வாயு ஓட்டத்தை அளந்து அனுப்பும் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டரின் கோடு திரையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. "தம்பி, கோடு ரொம்ப ஆடுது, டேம்பிங்கைக் கொஞ்சம் கூட்டி வை" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர். "சரிண்ணே" என்று நான்கு நொடி வைத்தேன். கோடு நூல் பிடித்தது போல ஆகிவிட்டது, எல்லோருக்கும் திருப்தி. டேம்பிங் என்பது அளவீட்டின் ஆட்டத்தை அமுக்கி மெதுவாகக் காட்டுவது. நான்கு நொடி டேம்பிங் என்றால், ஓட்டம் சட்டென்று விழும்போது அந்த வீழ்ச்சியில் சுமார் 63 சதவீதம்தான் நான்கு நொடி கழித்துக் கன்ட்ரோலருக்குத் தெரியும். சர்ஜில் ஓட்டம் சரிய 0.05 நொடி போதும். பத்து நாளில் மெஷின் சர்ஜ் ஆனது. ஓட்டம் குறையாமல் வாயுவை டிஸ்சார்ஜிலிருந்து உள்ளே போகும் பக்கத்துக்கே திருப்பிவிடும் ஆன்ட்டி-சர்ஜ் வால்வு (ரீசைக்கிள் வால்வு) திறந்தபோது மூன்று சுற்று முடிந்திருந்தது. அந்த நடுக்கம் உண்மையான ஓட்டத்தின் நடுக்கம். அதை மறைக்கவே கூடாது. அளவுக்கு மீறி ஆடினால் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் சின்னக் குழாயில் (இம்பல்ஸ் லைன்) தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டேம்பிங்கைக் குறைந்தபட்சத்திலேயே விடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சிக்கனம் என்ற பேரில் வருவது. ரீசைக்கிள் வால்வு கொஞ்சம் திறந்திருந்தால் "சும்மா சுத்துது, கரண்ட் வீண்" என்று யாராவது மேனுவலில் போட்டு மூடிவிடுவார்கள். பகலில் லோடு நிறைய இருக்கும்போது எதுவும் நடக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு, வாயு வாங்கும் பக்கம் ஒரு யூனிட் டிரிப் ஆகும்போது நடக்கும். எந்த ஆபரேட்டரின் கையும் அந்த வேகத்துக்கு எட்டாது. ஸ்டார்ட் செய்யும்போது மேனுவலில் வைத்திருந்தால், ஆட்டோவுக்கு மாற்றியதை ஷிப்ட் புத்தகத்தில் எழுதாமல் இடத்தை விட்டுப் போகாதீர்கள். வால்வு திறக்கத் தொடங்கும் கன்ட்ரோல் கோட்டை, சர்ஜ் ஆரம்பிக்கும் சர்ஜ் கோட்டிலிருந்து சுமார் 10 சதவீதம் தள்ளி வைப்பது வழக்கம். மிச்சம் பிடிக்க அதையும் நெருக்குகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை உப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலையில் துடைத்த கைப்பிடி மாலையில் பிசுபிசுக்கும். அந்த உப்பு, வால்வை நகர்த்தும் பொசிஷனரின் ஃபீட்பேக் லிவரிலும் வால்வு ஸ்டெம்மிலும் படியும். பொருத்தும்போது இரண்டு நொடிக்குள் முழுசாகத் திறந்த வால்வு, ஒரு ஆடி முடிந்து சோதித்தபோது ஒன்பது நொடி எடுத்தது. வால்வு திறக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் 'சரி' என்று எழுதியிருப்போம். ஸ்டாப்வாட்ச் பிடித்ததால்தான் தெரிந்தது.

அப்புறம், பழைய சர்ஜ் கோட்டையே நம்பி ஓட்டுவது. நம் மாவட்ட எரிவாயுக் கிணறுகள் மாதிரி இடங்களில் வருடம் போகப் போகக் கிணற்றுப் பிரஷர் இறங்கும். சக்‌ஷன் இறங்க இறங்க அழுத்த விகிதம் கூடும், மெஷின் சர்ஜ் பக்கம் நகரும். வாயுவின் கலவை மாறினாலும் கணக்கு மாறும். ரீசைக்கிள் வாயு கூலர் வழியாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் சூடு சூடாகவே சுற்றும்.

சர்ஜில் டிரிப் ஆன மெஷினை உடனே ரீசெட் அடித்து எடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மேலிருந்து போன் வரும், உற்பத்தி நிற்கும், கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகும். அதற்கு முன் ரோட்டரின் ஆக்சியல் பொசிஷன் பழைய இடத்தில் நிற்கிறதா, த்ரஸ்ட் பேரிங் வெப்பம் எவ்வளவு ஏறியது, எத்தனை சுற்று சர்ஜ் ஆனது என்ற மூன்றையும் டிரெண்டில் பார்த்து எழுதுங்கள். டேம்பிங் கூட்டி மெஷின் சர்ஜ் ஆன அன்று ஆக்சியல் பொசிஷன் நகர்ந்திருந்தது. திறந்து பார்த்தால் த்ரஸ்ட் பேடில் பூசியிருக்கும் வெள்ளை உலோகம் ஒரு ஓரமாக வழிந்து கிடந்தது.