உருட்டிரும்பின் கருஞ்செதிலை நீக்கும் முறை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கிழக்கிலங்கையின் கல்லடியிலும் கல்முனையிலும் கடலோர வீடுகளின் கேற்றுகளில், ஓரிரு மாரி கழிவதற்குள் தீந்தை தகடு தகடாக உரிந்து விடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். உரிந்த தகடொன்றைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடிப்புறத்தில் கருநீலப் படலமொன்று ஒட்டியிருக்கும். இதுவே கருஞ்செதில். தீந்தை தரமில்லை என்று பலர் சொல்வார்கள். ஆனால் அங்கே இரும்பை விட்டுக் கழன்றது அந்தப் படலம்தான், தீந்தை அதனோடு சேர்ந்து வந்திருக்கிறது.

ஆலையில் உருக்குக் கட்டியை ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, அதன் மேற்பரப்பு வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து ஒட்சைட்டுச் செதிலாகிறது. 570 பாகைக்கு மேல் இது மூன்று வகை இரும்பு ஒட்சைட்டுப் படைகளாக வளரும்: உருக்கை ஒட்டித் தடித்த வூஸ்டைட்டு, அதன் மேல் மக்னடைட்டு, வெளியே மிக மெல்லிய ஹேமடைட்டு. ஆறும்போது செதிலும் உருக்கும் ஒரே அளவில் சுருங்காததால் செதிலில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. உப்புக்காற்றின் ஈரம் அவற்றினுள் இறங்கியதும், சிறு மின்கலமொன்றில் போலச் செதில் கதோட்டாகவும் (அரிக்கப்படாத முனை) வெடிப்பின் அடியில் தெரியும் இரும்பு அனோட்டாகவும் (அரிக்கப்படும் முனை) மாறி, அந்தச் சிறு இடங்களிலேயே துரு குழி தோண்டுகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நமக்கு இது சிறிய விடயமல்ல.

கேற் செய்வதாயின், கம்பிகளையும் பட்டை இரும்பையும் வெல்டிங் செய்வதற்கு முன்னரே சுத்தமாக்குவது நல்லது. செதில் மேல் வெல்டிங் செய்தால் ஒட்டில் காற்றுத் துளைகள் விழலாம். முதலில் தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் உள்ள இடத்தில் அமிலம் வேலை செய்யாது.

அடுத்து வினாகிரியில் ஊறவைக்க வேண்டும். தென்னை வினாகிரிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, மலிவான செயற்கை வினாகிரியே போதும். நீளமான துண்டுகளுக்கு, நான்கு அங்குல பீவீசீ குழாயின் ஒரு முனையை மூடியால் ஒட்டி, நிமிர்த்திக் கட்டி, இரும்பை உள்ளே இறக்கி, மூழ்கும் வரை வினாகிரியை ஊற்றுங்கள். அமிலம் அந்த வெடிப்புகள் வழியாகவே நுழைந்து, செதிலின் அடியிலுள்ள வூஸ்டைட்டையும் சிறிது இரும்பையும் கரைக்க, எழும் ஐதரசன் குமிழிகள் செதிலைக் கீழிருந்து தள்ளிவிடுகின்றன. ஆகவே குழாயின் வாயை இறுக மூடாதீர்கள், அருகில் நெருப்பும் வேண்டாம். ஐதரோக்குளோரிக் அமிலம் இதை விரைவாகச் செய்யும். ஆயினும் அதன் ஆவி நுரையீரலையும் பக்கத்திலுள்ள கருவிகளையும் கெடுக்கும் என்பதால், புதியவர்கள் வீட்டில் அதைத் தொடுவதை நான் விரும்பவில்லை. நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பையும் வில்லுச் சுருள்களையும் இம்முறையில் ஊறவைக்காதீர்கள்.

ஓரிரவு ஊறிய துண்டை எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால், கருஞ்சேறு கழன்று மங்கிய சாம்பல்நிற உலோகம் தெரியும். கறுப்பாக மினுங்கும் திட்டுகள் இருந்தால் மீண்டும் ஊறவையுங்கள். ஊறவைக்காமல் கம்பித் தூரிகையால் மட்டும் தேய்த்தால் இறுகிய செதில் பளபளக்குமே தவிரக் கழலாது. ஊறவைக்க முடியாத பெரிய சட்டங்களுக்குக் கிறைண்டரில் மடிப்பு உரைதாள் தட்டைப் (flap disc) பூட்டி, கண்ணாடி அணிந்து தேய்க்கலாம்.

சந்தேகமுள்ள மூலையில் மயில்துத்தக் (செப்புச் சல்பேற்று) கரைசலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெறும் இரும்பில் செப்பு நிறம் படியும், செதிலில் படியாது. படிந்த செப்பை உரைதாளால் முற்றாக எடுத்துவிடுங்கள், இல்லாவிடில் அதுவே துருவுக்கு வழி திறக்கும்.

பிறகு நீரால் கழுவி, அப்பச்சோடா கலந்த நீரில் தோய்த்து, மறுபடி கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். நனைந்த வெற்றிரும்பில் சில நிமிடங்களிலேயே செம்மை படரத் தொடங்கும். பயன்படுத்திய வினாகிரியையும் அப்பச்சோடா இட்டு நுரை அடங்கும் வரை நடுநிலையாக்குங்கள். அதைக் கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம்.

உலர்ந்த இரும்பை வெறுங்கையால் தொடாமல், அன்றைக்கே நாகப் பொசுபேற்று அடிப்பூச்சைப் பூசுங்கள். வெல்டிங் செய்த பின் ஒட்டுகளைச் சுத்தமாக்கி, அவற்றிலும் விளிம்புகளிலும் தூரிகையால் முதலில் ஒரு பூச்சுப் பூசி, அதன் பின் முழுவதற்கும் இரண்டு பூச்சுகள் கொடுங்கள்.